அரை டம்ளர் பால்

புக்கிட் செரோஜா தோட்டம்,
கோல சிலாங்கூர்.
11.2.1985

லீலாவதிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. உன் முகவரியை பத்தாங்காலியில் ஒரு கல்யாணத்தில் உன் வீட்டுக்காரரின் உறவுக்காரர் ஒருவர், நான் கேட்காமலேயே எழுதிக் கொடுத்தார். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது என் சோம்பேறித்தனம். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்து சுருண்டு விழுந்தாகிவிட்டது. மூன்றாவது முறை ஆபீசில், புதிய மானேஜரின் கண்ணெதிரில். இருபத்தொன்பது வருடம் கணக்கு எழுதியும் என்னைச் சின்னக் கிராணியாகவே வைத்திருந்த கம்பெனி அன்று தன் காரில் ஏற்றி என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அந்த மரியாதைக்கு நான் தரையில் விழ வேண்டியிருந்தது.

மார்ச் 19ஆம் தேதி அறுவைச் சிகிச்சை என்று குறித்திருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு பெண், சந்திரிகா என்று பெயர். முப்பது வயது இருந்தால் அதிகம். அவள் கேட்ட கேள்வியால்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

“வீட்டுல யாருக்காச்சும் ஆபரேஷன்ல பிரச்சினை ஆயிருக்கா, ஐயா?” என்றாள்.

“என் தாயார் ஆபரேஷனில் போனவர்” என்றேன்.

“என்ன ஆச்சு?”

“எதையும் வாயில் வைக்கக் கூடாது என்றார்கள். பால் குடித்துவிட்டுப் போனார்.”

“அதுதான் காரணமா? உடம்பு விறைச்சுச்சா? காய்ச்சல் கொதிச்சுச்சா? இல்ல மூச்சா?”

“நான் பக்கத்தில் இல்லை.”

“யாரு இருந்தா?”

“என் தங்கை.”

“அப்ப தங்கச்சிக்கிட்டக் கேட்டுட்டு வாங்க. சில குடும்பத்துக்கே மயக்க மருந்து ஒத்துக்காது. அந்த மாதிரின்னா நான் வேற மருந்து போடணும். தெரியாம போட்டேன்னா உங்களுக்கும் அதேதான். ஏன், தங்கச்சி தூரமா இருக்காங்களா?”

கெர்லிங்கில் இருக்கிறாள் என்றேன். சிரித்தாள். கெர்லிங் அவளுக்குத் தூரமாகத் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறேன். அன்று காலை அம்மாவுக்கு நீ என்ன கொடுத்தாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு? மயக்கம் தெளிந்து வெளியே கொண்டுவந்தபோது எப்படி இருந்தார்? உடம்பு விறைத்திருந்ததா? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும். தாதி ஆங்கிலத்தில் சொன்னதை முதல் நாள் சாயங்காலமே உங்கள் இருவருக்கும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்பினேன். அதன் பிறகும் நீ செய்ததற்கு இப்போது நியாயம் கேட்டு நான் எழுதவில்லை. அதை 1968இல் அம்மாவைத் தூக்குவதற்கு முன்னால் எல்லார் முன்னிலையிலும் கேட்டாயிற்று.

தனபாலன்

*

கெர்லிங்
19.2.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லீலாவதி எழுதுவது. நானும் உங்கள் மைத்துனரும் பிள்ளைகளும் நலம். நலமா என்று உங்களைக் கேட்க எனக்கு வழியில்லாமல் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. நான் ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது உங்கள் மைத்துனர் வாசலில் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். “உங்கண்ணன் எழுத்துடி. நான் பிரிக்கல லா, நீயே பிரி” என்றார். மணல் லோரி ஓட்டுகிறவர், ஒரு தாளுக்குப் பயந்து நின்றார். நான்தான் பிரித்தேன். இந்தப் பதிலுக்கு மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். என் தமிழ் ஆறாம் வகுப்புத் தமிழ். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு, அரை டம்ளர் பால். கேண்டீனில் வாங்கியது. ஒரு சின்ன பீசாங் மாஸ் வாழைப்பழம். எட்டரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பதினொன்றரைக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு விறைக்கவில்லை, அண்ணே. துணி மாதிரி கிடந்தார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி சத்தம் கேட்டது. இருமிக்கொண்டே இருந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. வாந்தி நெஞ்சுக்குள் போய்விட்டது என்று அங்கிருந்த ஆயா சொன்னாள். மறுநாள்தான் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் விடிந்தபோது போய்விட்டார்கள். அந்த இரண்டு நாளும் நீங்களும் இருந்தீர்கள். நெஞ்சுச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

டாக்டருக்கு இது போதுமா? போதாது என்றால் நான் நேரில் வந்து சொல்கிறேன். லீவு கிடைக்கும்.

மற்றதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் கேட்கவில்லை.

வலி வந்தால் யார் பார்க்கிறார்கள்? யார் சமைக்கிறார்கள்? பித்தப்பைக்கு எண்ணெய் ஆகாது என்று எங்கள் சூப்பர்வைசரின் மனைவி சொல்கிறாள். நெத்திலி பொரிப்பதை விட்டுவிடுங்கள். உங்களால் முடியாது என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

லீலா

*

புக்கிட் செரோஜா தோட்டம்
26.2.1985

லீலாவதிக்கு,

உன் கடிதத்தை டாக்டரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். நெத்திலியை விட்டுவிட்டுப் படித்தேன். குடும்பத்தில் வரும் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டாள். விறைப்பு இல்லை, உடனே காய்ச்சல் இல்லை, இருமலும் நீலமும் இருந்தன என்றால் வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குப் போயிருக்கிறது. என் மயக்க மருந்தை மாற்ற வேண்டியதில்லையாம். ஆகவே நீ எழுதியது உபயோகமாக இருந்தது. நன்றி.

கடிதத்தை இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அவள் மேலும் சிலவற்றைச் சொன்னாள். அதை உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது அயோக்கியத்தனம். என் மேல் ஆயிரம் குறை இருக்கலாம், அந்தக் குறை இருக்கக் கூடாது.

“பால் குடிச்சது தப்புதான்” என்றாள். “ஆனா நெஞ்சைச் சுடுறது பால் மட்டும் இல்லைங்கய்யா. வயித்துல ஊறுற அமிலம். சும்மா இருக்கிற வயித்துலயும் அது ஊறும். மயக்கத்துல தொண்டைக்குக் காவல் கெடையாது. எதுக்களிச்சு மேல வந்து நுரையீரலுக்குள்ள ஒரு வாய் போனாப் போதும், வெந்துரும். உங்கம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டா?”

எனக்குத் தெரியவில்லை, லீலா. முப்பத்தைந்து வயதுவரை ஒரே லயத்து வீட்டில் அவர் கையால் சாப்பிட்டவன். நெஞ்செரிச்சல் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

எனக்கு நெஞ்செரிச்சல் இருபது வருடமாக இருக்கிறது. படுத்தால் தொண்டைவரை புளிப்பு ஏறும். அதனால் முதல் நாள் இரவு ஒரு மாத்திரை, மறுநாள் காலை ஒன்று தருவார்களாம். ரானிடிடின் என்று பெயர். இங்கே வந்து கொஞ்ச வருடம்தான் ஆகிறது. வயிற்றில் அமிலம் ஊறுவதைக் குறைத்துவிடும். அறைக்குள் போவதற்கு முன் மிச்சப் புளிப்பையும் மாற்ற ஒரு சிறு கோப்பை மருந்து. அதற்கும் மேல், தூங்க வைக்கும்போது ஒருவர் தொண்டையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாராம்.

“அப்போ இந்த மாத்திரை இருந்திருந்தால்?” என்று கேட்டேன்.

“இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பாலக் குடிக்காம இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னும் என்னால எழுதிக் குடுக்க முடியாது” என்றாள்.

பதினேழு வருடமாக ஒரு கோபத்தை நான் கெட்டுப்போகாமல் காப்பாற்றி வந்திருக்கிறேன். என்னிடம் வேறு எதுவும் அவ்வளவு நாள் நின்றதில்லை. அதில் பாதியை அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டாள்.

மிச்சப் பாதி இன்னும் இருக்கிறது. ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லியும் நீ ஏன் கொடுத்தாய்? அப்போது உனக்கு இருபத்து மூன்று வயது, குழந்தை அல்ல. அன்று கேட்டபோது நீ வாயைத் திறக்கவே இல்லை. தப்பு செய்தவர்கள்தான் அப்படி நிற்பார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அது தெரியாமல் நான் அந்த மேசையில் போய்ப் படுப்பதாக இல்லை. கல் அங்கேயே இருக்கட்டும், தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிவிடுகிறேன்.

தனபாலன்

*

கெர்லிங்
4.3.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் அதை எழுதிவிட்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு இதே கல். பயந்துகொண்டு பச்சிலைக்காரரிடம் ஒரு வருடம் அலைந்தார். பை உள்ளேயே வெடித்துவிட்டது. அவர் படித்தவர் இல்லை. நீங்கள் ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவர் என்று அம்மா லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். அவர்களுக்காகவாவது படித்தவர் மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு. நிறைய. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் டிரசர் கொடுக்கும் வெள்ளை மருந்து ஒரு போத்தல் அரிசித் தவலைக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். நீங்கள் ஆபீசிலிருந்து வருகிற சத்தம் கேட்டால் மூடி வைத்துவிடுவார்கள். “அவன் பயந்துக்குவான், படிச்ச புள்ள, எதையாச்சும் பெருசா நெனப்பான்” என்பார்கள். உங்களுக்குத் தெரியாமல் இருந்தது உங்கள் தப்பு இல்லை. தெரிய விடவில்லை.

இதை எழுதும்போது எனக்கும் ஒன்று தோன்றியது. அந்தப் போத்தலை நானாவது டாக்டர்களிடம் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை நினைத்து இரண்டு நாளாக வேலையில் கை ஓடவில்லை. ஆகவே குற்றம் எல்லாம் உங்கள் கணக்கில் வந்துவிடாது, பயப்பட வேண்டாம்.

ஏன் கொடுத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, நீங்கள் எழுந்து நடந்து எனக்குக் கடிதம் எழுதினால் அடுத்த தபாலில் சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும். கோபம் இருந்தால் உங்களுக்குத் தெம்பு வரும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மைத்துனர் இதைப் படித்துவிட்டு, “ஏன்டி, கல்லோட இருக்கிற மனுஷன்கிட்ட நீ பேரம் பேசுறியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

19ஆம் தேதி நான் வரட்டுமா?

லீலா

*

புக்கிட் செரோஜா தோட்டம்
12.3.1985

லீலாவதிக்கு,

என்னிடம் இப்படி நிபந்தனை போட்டுப் பேச மானேஜர்களே யோசிப்பார்கள். தேதியை மாற்றவில்லை. அது உனக்காக அல்ல, ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

வர வேண்டாம். பதினேழு வருடம் கழித்து என்னை நீ முதன்முதலில் பார்ப்பது நான் வாயைப் பிளந்து மல்லாந்து கிடக்கும்போதாக இருக்க வேண்டாம். உன் வேலையைப் பார்.

அந்த வெள்ளை மருந்துப் போத்தலைப் பற்றி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரிசித் தவலைக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறாய். அடுக்களையில் தவலை இருந்த இடமே எனக்கு ஞாபகம் வரவில்லை.

தனபாலன்

*

பெரிய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு
28.3.1985

அன்புள்ள லீலா,

பிழைத்துவிட்டேன். நேற்று தையல் பிரித்தார்கள். எழுந்து நடக்கிறேன், கழிப்பறைவரை. ஒப்பந்தப்படி இப்போது நீ சொல்ல வேண்டிய முறை. ஆனால் நீ சொல்ல வேண்டியதில்லை. முதலில் நான் எழுதுவதைப் படி.

18ஆம் தேதி இரவு முதல் மாத்திரையைத் தந்தார்கள். விழுங்கினேன். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு மிஸ்ஸி ஒருத்தி இன்னொரு மாத்திரையோடு ஒரு வாய்த் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். மலாய்க்காரத் தாதி, நல்ல பெண். கட்டிலின் தலைமாட்டில் எதுவும் உட்கொள்ளக் கூடாது என்று அட்டை தொங்குகிறது. அதே ஆறு மணி. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வெறி. வாயை மூடிக்கொண்டேன். “எங்கம்மா இந்த நேரத்துக்குக் குடிச்சுத்தான் செத்தாங்க, கொண்டு போ” என்று தமிழில் கத்தினேன். வார்டே எழுந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் நாராயணசாமி, லோரிப் பட்டறைக்காரர், “யோவ் கிராணி, மாத்திரையத்தானே குடுக்குது, மாப்பிள்ளை விருந்தா குடுக்குது? முழுங்குய்யா, தூங்கணும்” என்றார்.

டாக்டர் சந்திரிகாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். தலைகூடச் சீவாமல் வந்தாள். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஐயா, ஒரு வாய்த் தண்ணி ஒண்ணும் பண்ணாது. இந்த மாத்திரை உள்ள போகலன்னாத்தான் எனக்குப் பயம். உங்க வயித்துல ஊறுறதத்தான் இது அடக்குது. நான்தானே பக்கத்துல நிக்கப்போறேன்.”

“ஒன்றும் கூடாது என்றால் ஒன்றும் கூடாது” என்றேன்.

“நேத்து ராத்திரியிலேர்ந்து வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? மறைக்காமச் சொல்லுங்க. பால்? பழம்?”

“என்னைப் பார்த்தால் அப்படித் தெரிகிறதா?”

“கோவிச்சுக்காதீங்க. நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் இத நான் தனியாக் கேப்பேன். பட்டினி இருங்கன்னா விரதம் மாதிரி இருந்துட்டு வந்துர்றாங்க. சஷ்டி விரதம்னா காலையில பாலும் பழமும் சாப்பிடலாம்ல? அது விரதத்தக் கெடுக்காது. மயக்க மருந்தக் கெடுக்கும். எங்கம்மாவே அப்படித்தான் இருப்பாங்க, அதான் எனக்குத் தெரியும்.”

லீலா, அந்த இடத்தில் எனக்கு அது ஞாபகம் வந்தது.

1968. சாயங்காலம். நான் அம்மாவின் கால்மாட்டில் நிற்கிறேன். நீ அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாய். எனக்கு மறுநாள் காலை தலைமை ஆபீசில் பெரிய கிராணி வேலைக்கு நேர்முகம். கோல சிலாங்கூருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. தாதி சொன்னதில் எல்லாம் இருந்தது, தண்ணீர்கூடக் கூடாது என்பது உள்பட. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். “ஒண்ணுமில்லம்மா, சஷ்டிக்கு இருப்பியே, நாளைக்கு ஆபரேஷன் முடியிறவரைக்கும் அந்த மாதிரி இரு.” அம்மா, “அவ்வளவுதானா? அது எனக்குப் பழக்கந்தானே, நீ பஸ்ஸுக்கு ஓடு” என்றார்கள்.

சுலபமாகச் சொல்லிவிட்டதாக அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது. சஷ்டிக்கு அம்மா காலையில் பாலும் பழமும் எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. வருடா வருடம் ஆறு நாள் விரதம் இருந்தார்கள், எனக்காகத்தான் இருந்தார்கள். அந்த ஆறு நாளும் என் தட்டில் சோறு இருந்தது. அம்மா என்ன சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்குத் தெரியும். நான் சொன்ன மாதிரியேதான் நீ அம்மாவை வைத்திருந்தாய்.

பதினேழு வருடம் இது எனக்கு மறந்துபோயிருந்தது என்றால் நம்புவாயா? மறந்ததா, மறக்க வைத்துக்கொண்டேனா, எனக்கே சொல்லத் தெரியவில்லை. நேர்முகம் நினைவில் இருக்கிறது. என்னைத் தள்ளிவிட்டு வேறொருவனை எடுத்ததும், அவன் பெயரும், அவன் போட்டிருந்த டையின் நிறமும் நினைவில் இருக்கின்றன.

அம்மாவின் முன்னால் நின்று உன்னைப் பார்த்து, “நீதான் கொன்னே” என்றேனே, அப்போது நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அம்மாவின் குழியிலேயே விழுந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையா? உன் கல்யாணத்துக்கு நான் வராதபோதுகூட நீ சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் சொல்ல மாட்டேன் என்றாயே, அது ஏன் என்று இப்போது தெரிகிறது.

மாத்திரையை விழுங்கினேன். டாக்டரிடம், “அம்மாவிடம் அப்படி இருக்கச் சொன்னது நான்தான்” என்றேன். அவள் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, எண்ணுவதற்கு வேண்டியதைவிட நிறைய நேரம் உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உனக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்று தாள் கேட்டேன். அதற்குள் அந்தக் கோப்பை மருந்தை நீட்டிவிட்டார்கள். உப்பும் புளிப்புமாக இருந்தது. படுக்க வைத்துத் தொண்டையில் ஒரு விரல் அழுத்தியதுவரை தெரியும். நான் எழுந்திருக்காமல் போயிருந்தால் இது தெரியாமலேயே நான் போய்விட்டதாக நீ நினைத்திருப்பாய். அந்த நினைப்புதான் தூங்கும்வரை என்னிடம் இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பெண் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனதாக நாராயணசாமி சொல்கிறார். “பேசவே இல்லய்யா. உன் மூச்சையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நல்லா மூச்சு விடுறாரான்னு மிஸ்ஸிகிட்ட ரெண்டு தடவ கேட்டுச்சு. அப்புறம் போயிருச்சு” என்றார். வர வேண்டாம் என்று எழுதியும் வந்திருக்கிறாய்.

மன்னிப்பு என்று எழுதினால் அது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருக்கிறது. எழுதி எழுதிப் பார்த்தேன். நீ சொல்ல வேண்டியது என்ன இருந்தாலும் சொல். திட்டு. நான் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறேன். நீ நின்ற மாதிரி.

அண்ணன்
தனபாலன்

*

கெர்லிங்
3.4.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. உங்கள் மைத்துனர் படித்துவிட்டுப் பின்பக்கம் போய் லோரியைக் கழுவினார். ஏற்கெனவே கழுவின லோரி.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், என்ன சொல்ல நினைத்தேன் என்று எனக்கு மறந்துவிட்டது. வயதாகிறது. அன்று சாயங்காலம் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதும் சரியாக ஞாபகம் இல்லை. நீங்கள் அம்மாவின் கால்மாட்டில் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன், அம்மாவின் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஞாபகம் வரப்போவதில்லை. நீங்கள் பிடிவாதக்காரர். நானும் அதே வயிற்றில் பிறந்தவள்.

வெள்ளிக்கிழமை உங்களைப் போகச் சொல்லிவிடுவார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். தோட்டத்துக்குப் போக வேண்டாம். அங்கே கஞ்சி வைக்க யார் இருக்கிறார்கள்? உங்கள் மைத்துனர் லோரியோடு பத்து மணிக்கு வாசலில் நிற்பார். முன் சீட்டில் தலையணை போட்டிருக்கிறோம். குழி வந்தால் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அவர் உங்களோடு பேச மாட்டார், வெட்கம். நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். பத்தாங்காலி வருவதற்குள் ஏதாவது பேசிவிடுங்கள். பிள்ளைகளிடம் மாமா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். எந்த மாமா என்று கேட்கிறார்கள்.

மறந்துவிட்டது என்று எழுதினேன். ஒன்று மட்டும் மறக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் அம்மா பயப்படவே இல்லை, அண்ணே. முகம் கழுவி, விபூதி பூசி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கு அந்த வேலை கிடைத்துவிடும் என்று அந்த வார்டு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்கள். பாலைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“சீனி பத்தலடி” என்றார்கள்.

நான் கேண்டீனுக்கு ஓடிப்போய்ச் சீனி வாங்கி வந்தேன்.

லீலா